மூன்றாம் நம்பர் பிரேமில் ஒரு சிவப்புக் கோடு

மணிமேகலை வேலைக்குப் போகிற நாளில் வளையல் போடமாட்டாள். கல்யாணமான மறுவாரம் ஷிப்டுக்கு வந்தபோதுகூட இரண்டு கை வளையலையும் கழற்றி டிபன் பைக்குள் போட்டுவிட்டுத்தான் இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்குள் நுழைந்தாள். கூட வேலை செய்த பெண்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அலுமினியத்தில் வளையல் உரசினாலே கோடு விழும், அப்புறம் அது கோடா விரிசலா என்று நான்தானே மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி அது. விரிசல் பார்ப்பதுதான் அவள் வேலை. பாகத்தை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சி, கால்மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு சாயத்தைத் துடைத்தெடுத்து வெள்ளை மருந்து அடிக்க வேண்டும். எங்காவது விரிசல் இருந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் சாயம் மெல்ல மேலே கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாக நிற்கும். மயிரிழை அளவு கோட்டையும் விடமாட்டாள் என்று அவளுக்குப் பெயர். கெலமங்கலத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் தக்காளி பறித்த பெற்றோரின் மகள், ஐ.டி.ஐ. முடித்து இருபது வயதில் அங்கே வந்து சேர்ந்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய எந்தப் பாகமும் திரும்பி வந்ததில்லை.

அவள் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவள் சாந்தம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், தளிப் பக்கத்துக்காரி. மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறையை இரண்டு பேருமாக வாடகைக்கு எடுத்து ஆறு வருடம் இருந்தார்கள். ஒரு ஸ்டவ், இரண்டு பாய். சாந்தம்மாவுக்கு டைபாய்டு வந்து இருபது நாள் படுத்தபோது கஞ்சி ஊற்றியது மணிமேகலை. மணிமேகலைக்கு பெங்களூர் ரோட்டுப் பூப்பண்ணையில் சூப்பர்வைசராக இருந்த முனிவேலைப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்துவர முதலில் போனது சாந்தம்மா. சாந்தம்மா மாலை நேரக் கல்லூரியில் இன்ஜினியரிங் படித்த நான்கு வருடமும் அவளுடைய மாலை ஷிப்டை மணிமேகலைதான் வாங்கிக்கொண்டாள். படித்து முடித்தவள் படிப்படியாக ஏறி குவாலிட்டி மேனேஜர் ஆனாள். தோழிக்குக் கீழே வேலை செய்வதில் மணிமேகலைக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. சொல்லப்போனால் ஊரில் அம்மாவிடம், எங்க மேனேஜர் யாரு தெரியுமா என்று பெருமையாகத்தான் சொன்னாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு புது ஆர்டர் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், அரசு லைசென்ஸ் வாங்கிக் கைத்துப்பாக்கி செய்கிற ஒரு தொழிற்சாலை. அதற்கு பிரேம் கடைந்து கொடுக்க வேண்டும். பிரேம் என்றால் கைத்துப்பாக்கியின் அடிக்கட்டு. கைப்பிடியும் விசையும் அதில்தான் பொருந்தும். அதன்மேல் ஸ்லைடு என்கிற பாகம் ஒவ்வொரு தடவை சுடும்போதும் பின்னால் ஓடிவந்து மோதிவிட்டுத் திரும்பும். அந்த அடியை வாங்கித் தாங்குவதுதான் பிரேமின் பிழைப்பு.

இரண்டு விதமாகக் கேட்டார்கள். ஒன்று ஸ்டீல் பிரேம். இன்னொன்று அலுமினியக் கலவையில் செய்த பிரேம். நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிற காவல் ஆட்களுக்குக் கால் கிலோவுக்கு மேல் பாரம் குறையும் என்பதால் அலுமினியம். மெஷின் ஷாப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அலுமினியத்தில் துப்பாக்கி செய்வது பாத்திரக்கடை வேலை என்றார்கள். மணிமேகலைக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அவள் புத்தகம் கேட்டு வாங்கிப் படித்தாள். துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து வந்துபோன ராமப்பன் என்கிற இன்ஜினியரிடம் கன்னடத்திலேயே கேள்வி கேட்டாள். ஸ்டீல் ஓர் அளவுக்குக் கீழே எத்தனை அடி விழுந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அலுமினியக் கலவை சின்ன அடியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும், என்றாவது ஒருநாள் களைத்துப்போகும். ஆனால் வடிவம் சரியாக இருந்து, ஸ்லைடைத் திருப்பித் தள்ளுகிற ஸ்பிரிங்கைக் காலாகாலத்தில் மாற்றினால், அந்த ஒருநாள் மிகத் தூரத்தில் இருக்கும். இதைப் புரிந்துகொண்டதும் அவளுக்கு அந்த உலோகத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அதை கேன்டீனில் சாந்தம்மாவுக்கு விளக்கினாள். சாந்தம்மா சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

ஸ்டீலில் ஐந்து, அலுமினியத்தில் ஐந்து என்று பத்து பிரேம்களைப் பரிசோதனைக்கு அந்தத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொன்றிலும் ஆயிரம் தோட்டா சுட்டபின் திருப்பி அனுப்புவார்கள். மணிமேகலை விரிசல் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின் அடுத்த ஆயிரம். மொத்தம் ஆறாயிரம். ஐயாயிரம் வரைக்கும் பத்தும் சுத்தமாக இருந்தன.

கடைசி ஆயிரம் முடிந்து வந்த அன்று காலையில், அலுமினியத்தில் மூன்றாம் நம்பர் பிரேமின் உள்பக்கம், ஸ்லைடு வந்து மோதுகிற இடத்துக்குக் கீழே இருந்த மூலையில், நான்கு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. கழுவிவிட்டு மறுபடி செய்தாள். மறுபடியும் அதே இடத்தில் அதே கோடு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அந்த மூலை கத்தி வைத்து வெட்டினதுபோல் கூராக இருந்தது. பிரேமின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே மூலையை வளைவாக உருட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. கூர்மூலையில்தான் அடியெல்லாம் போய்ச் சேரும். உருட்டிய மூலையில் அது பரவிப் போய்விடும். மற்ற ஒன்பது பிரேமையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் கூர்மூலைதான். ஸ்டீல் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. அலுமினியம் தாங்கவில்லை.

நடந்தது இதுதான். மூலையை உருட்டுகிற டூல் உடைந்துபோய், புதுசு வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமானது. உற்பத்தி மேனேஜர் கோபி சாதாரண டூலை வைத்தே வெட்டச் சொன்னார். ஸ்டீலில் பாதகமில்லை, அலுமினியத்திலும் இருக்காது என்று ஒரு விலக்குச் சீட்டு எழுதி, அதில் குவாலிட்டி சார்பில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். போட்டது சாந்தம்மா. இது மணிமேகலைக்கு அப்போது தெரியாது.

கோட்டையும் மூலையையும் பற்றி அவள் முதலில் சொன்னது சாந்தம்மாவிடம்தான். சாந்தம்மா வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். வெளி லேபில் ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டு முடிவை எழுதலாம், அதுவரைக்கும் ரிப்போர்ட்டில் முடிவு எழுதுகிற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடு, பேப்பர் இன்றைக்கே பைலுக்குப் போகணும் என்றாள். மணிமேகலை தயங்கினாள்.

"நான் பாத்துக்கறேன் மணி. என்கிட்டதான குடுக்கற," என்றாள் சாந்தம்மா.

வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, லேபில் பார்த்துவிட்டார்கள், கடையும்போது டூல் போட்ட தழும்புதான், மூலையையும் மாற்றச் சொல்லியாச்சு என்று பதில் வந்தது. மணிமேகலைக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் படித்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், சாந்தா சொல்கிறாள் என்று விட்டுவிட்டாள். அந்த வருடம் இருநூற்று நாற்பது அலுமினிய பிரேம்கள் கம்பெனியிலிருந்து போயின.

எட்டு மாதம் கழித்து வடக்கே எங்கோ ஒரு பயிற்சி மைதானத்தில், சுட்டுப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையில் பிரேம் பிளந்து ஸ்லைடு கோணிக்கொண்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை கிழிந்து ஏழு தையல் போட்டார்கள். உடைந்த பிரேமோடு ராமப்பனும் இரண்டு ஆடிட்டர்களும் ஓசூருக்கு வந்தார்கள். பரிசோதனைக்குப் போன பழைய பிரேம்களைப் பூட்டிய அறையிலிருந்து எடுத்துப் பார்த்ததில், மூன்றாம் நம்பரில் விரிசல் அப்படியே இருந்தது. அதன் ரிப்போர்ட்டில் 'விரிசல் இல்லை' என்று எழுதி, கீழே மணிமேகலையின் கையெழுத்து இருந்தது.

விசாரணை மீட்டிங் ரூமில் நடந்தது. மணிமேகலை நடந்ததைச் சொன்னாள். கட்டத்தைக் காலியாக விட்டேன், மேடம் கேட்டதால் கையெழுத்து மட்டும் போட்டேன், விரிசல் இருந்ததை அன்றைக்கே சொன்னேன். ஆபீசில் சாந்தம்மாவை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். காலிக் கட்டத்தோடு கையெழுத்துப் போட்டதே குற்றமில்லையா என்று கேட்டார்கள். ஆமாம், அது தப்புதான் என்றாள்.

பிறகு சாந்தம்மாவைக் கேட்டார்கள். அந்தக் கட்டத்தில் இருப்பது உங்கள் எழுத்துதானே என்று ராமப்பன் கேட்டார். சாந்தம்மா மறைக்கவில்லை. ஆமாம், என் எழுத்துதான் என்றாள்.

"மணிமேகலைக்குக் கையெல்லாம் சாயமா இருக்கும் சார். கிளவுஸ் போட்டுக்கினு எழுத முடியாது. அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதறது வழக்கம். அன்னிக்கும் அவங்க சொன்னதத்தான் எழுதினேன்."

வழக்கம் என்பது உண்மைதான். எத்தனையோ நாள் அவள் கையுறையோடு நின்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சாந்தம்மா எழுதியிருக்கிறாள். சீக்கிரம் முடித்தால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பதற்காக. இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள், கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். புதிதாக ஒரு பொய்யை ஜோடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இரண்டு பேருக்கும் சொந்தமான ஒன்றை எடுத்து, நாலு பேர் முன்னால் அவள் கழுத்தில் கட்டிவிட்டாள். அன்றே மணிமேகலையை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாந்தம்மா வீட்டுக்கு வந்தாள். முனிவேல் வாங்க என்று சொல்லி நாற்காலி போட்டுவிட்டு, ஐந்தாவது படிக்கிற மகள் தர்ஷினியை டியூஷனுக்குக் கொண்டுவிடப் போனான். மணிமேகலை டீ போட்டுக் கொடுத்தாள். எதற்காகப் போட்டோம் என்று பிறகு பல நாள் யோசித்தாள். கை பழகியிருந்தது, அவ்வளவுதான்.

சாந்தம்மா ஒரு பேப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒரே ஒரு கையெழுத்து மணி. அந்த ஒரு பீஸ்ல கவனிக்காம வுட்டுட்டேன்னு. மூணு மாசம் வீட்ல இரு. அப்பறம் நானே கூப்ட்டுக்கறேன். மேல பேசிட்டேன்."

"வெளிய போன மீதி பிரேமெல்லாம் என்னா ஆவும்?"

"ஒண்ணு ஒடஞ்சுது. எல்லாமேவா ஒடயும்?"

"எல்லாத்துலயும் அதே மூலைதான சாந்தா."

சாந்தம்மா டீ டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"விரிசல் இருக்குன்னு உன்கிட்ட நான் சொன்னனா இல்லயா?"

"சொன்ன."

"லேபுக்கு அனுப்புனியா?"

"இல்ல."

"அப்ப மீட்டிங்ல ஏன் அப்படிச் சொன்ன?"

"சீட்டுல என் கையெழுத்து இருக்குது மணி. மூலைய கூராவே வெட்டலாம்னு குடுத்த சீட்டு. கோபி நீட்டினாரு, போட்டுட்டேன். வீட்ல அவரு வேல இல்லாம ஒக்காந்து ஒரு வருசமாச்சு. ரெண்டு பசங்க. உனக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த வருடம் முழுக்க மாதம் ஒரு தடவை சாந்தம்மா வீட்டுக்கு ஊர்க் காய்கறி கொண்டுபோய் இறக்கினவள் மணிமேகலை. ஆனால் விலக்குச் சீட்டு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பேப்பரை மறுபடி படித்தாள். அதில் அந்தத் தவறு ஒரே ஒரு பிரேமைச் சேர்ந்தது என்று இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் கதை அங்கே முடிந்துவிடும். மீதி இருநூற்று முப்பத்தொன்பதையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யார் யாருடைய இடுப்பிலோ அவை கிடக்கும். ஸ்லைடு வந்து வந்து அந்தக் கூர்மூலையை அடித்துக்கொண்டிருக்கும்.

முடியாது என்று பேப்பரைத் திருப்பித் தந்தாள். சாந்தம்மா கெஞ்சவில்லை. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, யோசிச்சு சொல்லு என்று மட்டும் சொன்னாள்.

மணிமேகலை இரண்டு நாள் யோசித்தாள். வேலை போகட்டும் என்றான் முனிவேல். ஆனால் சாந்தம்மாவைக் காட்டிக்கொடுக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டான். கல்யாணத்துக்கு முன்னால் தன்னைப் பற்றி விசாரிக்க வந்தவளின் ஞாபகம் அவனுக்கு. அவளுக்கும் அதே ஞாபகம்தான். இருந்தாலும் புதன்கிழமை காலையில் அத்திப்பள்ளி பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, துப்பாக்கித் தொழிற்சாலையின் வாசலில் போய் நின்றாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றபின் ராமப்பன் கேட்டுக்கு வந்தார்.

ஒரு பீஸில் மட்டும்தான் தவறு என்று உங்கள் கம்பெனி ஏற்கெனவே கடிதம் அனுப்பிவிட்டதே என்றார் அவர். அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, மூலை எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கிறது என்று இரண்டு படம் வரைந்து காட்டினாள்.

"அலுமினியத்து மேல தப்பு இல்ல சார். மூலை தப்பு. ஸ்டீல்லயும் அதே தப்பு இருக்குது, அது வெளிய காட்டல. எல்லா பிரேமையும் வாங்கி ஒருதரம் சாயம் போட்டுப் பாருங்க. அதுக்கப்பறம் என்மேல என்னா நடவடிக்க வேணா எடுங்க."

ராமப்பன் நோட்டை வாங்கி இரண்டு படத்தையும் பார்த்தார். பிறகு, "ஆய்த்தும்மா, சரி, இத எழுதிக் குடுங்க," என்றார். வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். தான் காலிக் கட்டத்தோடு கையெழுத்துப் போட்டதையும் எழுதினாள். விலக்குச் சீட்டு ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள் என்று எழுதினாள். அதில் கையெழுத்துப் போட்டது யார் என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் சீட்டை எடுத்தால் தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். பெயரை விட்டதால் தான் நல்லவளாகிவிடவில்லை என்றும் தெரியும்.

மீதி இருநூற்று முப்பத்தொன்பதையும் திருப்பி வாங்கிப் பார்த்தார்கள். முப்பத்தொன்றில் அதே மூலையில் விரிசல். ஸ்டீல் பிரேம்களையும் பார்த்தார்கள், ஒன்றில்கூட இல்லை. ராமப்பனே போன் பண்ணிச் சொன்னார். அதற்கு அடுத்த மாதம் ஆர்டரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த லைனில் இருந்த இருபத்திரண்டு காண்டிராக்ட் ஆட்களுக்கு வேலை போனது. அவர்களில் பாதிப்பேர் மணிமேகலை குடியிருந்த மூக்கண்டப்பள்ளிக்காரர்கள். தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது பேசிக்கொண்டிருந்த பெண்கள் மணிமேகலை வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொன்னாள். கோபியை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள், பதவியோடு. சாந்தம்மாவிடம் ராஜினாமா கேட்டு வாங்கினார்கள். காலிக் கட்டத்தோடு கையெழுத்துப் போட்டதற்காக மணிமேகலையை நீக்கினார்கள். அவள் அதை எதிர்த்து எங்கும் போகவில்லை.

ஐந்து மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு சூளகிரிப் பக்கம் ஒரு வார்ப்புக் கம்பெனியில் விரிசல் பார்க்கிற வேலையே கிடைத்தது. அங்கே யாரையும் தெரியாது. மதியம் தனியாகச் சாப்பிடுவாள். கூடச் சாப்பிட வாங்க என்று முதல் வாரம் கூப்பிட்டவர்கள் பிறகு கூப்பிடவில்லை.

போன வருடக் கடைசியில் ராமப்பன் மறுபடி ஒருநாள் போன் பண்ணினார். மூலையை உருட்டி வெட்டிய புது அலுமினிய பிரேம்கள் இருபதாயிரம் தோட்டாவைத் தாண்டியும் விரிசல் இல்லாமல் இருக்கின்றன, நீங்கள் சொன்னதுதான் சரி என்றார். போனை வைத்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. முனிவேலிடம் சொன்னாள். நல்லதாப் போச்சு என்றான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்ட உடனே புரிந்துகொள்ளக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளிடம் சொல்ல முடியாது.

இந்தப் பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, ஓசூர் உழவர் சந்தையில் கூட்டம். அவரைக்காய்க் குவியலின் அந்தப் பக்கம் சாந்தம்மா நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். ஏதோ துணிக் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருப்பதாக யாரோ சொன்னது மணிமேகலைக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் பார்த்துவிட்டதால் விலகிப் போக முடியவில்லை. பிள்ளைகள் எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் பேச ஒன்றும் இல்லை. மணிமேகலை பையைத் தூக்கியபோது சாந்தம்மா சொன்னாள்.

"நீ சொல்ல மாட்டேன்னு நம்பினேன் மணி. வேற யாரு கையெழுத்தா இருந்திருந்தாலும் அந்தக் கட்டத்துல நான் எழுதியிருக்க மாட்டேன். உன்னுதுங்கறதாலதான் எழுதினேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகச் சொன்னாள், நீ வீட்டு விசேஷத்துக்கு வரவில்லையே என்று கேட்பதைப்போல. விசாரணையில் சொன்னது பொய் என்று சொல்லலாம். லேபுக்கு அனுப்பாதது துரோகம் என்று சொல்லலாம். ஆனால் இந்தப் பேச்சில் பொய்யே இல்லை. ஆறு வருடம் பக்கத்துப் பாயில் படுத்தவள் தன்னை எவ்வளவு சரியாக எடைபோட்டு வைத்திருந்தாள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

பையோடு வெளியே வந்தாள். முனிவேல் பைக்கோடு நின்றுகொண்டிருந்தான். ஏன் இவ்வளவு நேரம், உள்ளே யாரையாவது பார்த்தாயா என்று கேட்டான்.

"கூட வேல பாத்த பொம்பள," என்றாள் அவள்.